வரவும் செலவும்

‘வரவு செலவு’ என்னும் தொடர் இன்று பணக்கணக்கையே குறிக்கின்றது. ஆயின், செலவு என்பதன் மூலப்பொருள் செல்லுதலேயாம். அகப்பாடல்களிலே தலைவன் பிரிந்து போதலும் செலவெனப்பட்டது. தரவுத்தளமொன்றிற் பயனர் புகுந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் பதிந்து கணக்காய்வு செய்யும் முறை, இத்தொடரின் இருபொருளையும் தன்னுட் கொண்டுள்ளது.

கல்முனை, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களின் அலுவலகங்களில் இவ்வழக்கம் கணினிக்கு முற்பட்டது. வரவுப் பதிவேட்டில் வந்த நேரமும் சென்ற நேரமும் எழுதி ஒப்பமிடுவர். குறித்த நேரம் கடந்ததும் செங்கோடு கிழிக்கப்படும். அக்கோடு பிந்தி வந்தவரைக் காட்டும்; ஒப்பமிடாது சென்றவரை எது காட்டும்? கணினிப் பதிவின் வரலாற்றிலும் இவ்வினாவே தொடர்கின்றது.

1961இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். கணினி நேரம் அரிதாகையால் அது பயனர்க்குப் பங்கிடப்பட்டது. செலவான நேரம் கணக்கில் எழுதப்பட்டது. 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர் கடவுச்சொற் கோப்பை அச்சிட்டெடுத்துப் பிறர் பங்கையும் பயன்படுத்தினார். ஏட்டிலிருந்த பெயர் ஒருவருடையது. கணினியின் முன் அமர்ந்தவர் வேறொருவர். பெயர் பதிவானமையால் மாத்திரம் ஆள் உறுதியாவதில்லை.

1971 நவம்பரில் வெளிவந்த யுனிக்ஸ் முதற் கைந்நூல், புகுதலையும் வெளியேறலையும் திரட்டும் கோப்பொன்றை விவரிக்கின்றது. வெளியேறல் பெயரற்ற பதிவாக எழுதப்பட்டது. பொறி இடையில் நின்றுவிட்டால் வெளியேறல் பதிவாகாது. மீண்டும் தொடங்கியதைக் காட்டும் குறியைக் கொண்டே, திறந்திருந்த அமர்வுகள் முடிந்தனவெனக் கொள்ளல் வேண்டும். அக்கோப்பை நீக்கிவிட்டால் பதிவே நின்றுவிடும். பின்னர் வந்த ஒராக்கிள் தரவுத்தளம், பயனர் முறையாக வெளியேறியதை 101 என்னும் எண்ணாலும், இணைப்பறுந்தபின் முறைமையே முடித்துவைத்ததை 102 என்னும் எண்ணாலும் வேறுபடுத்திப் பதிந்தது. இவ்வேறுபாடே கணக்காய்வின் உயிர்நிலை எனலாம்.

ஏட்டை முடித்தல் வேறு, சென்றமையை அறிதல் வேறு என்பதைக் கல்முனைக் கரை துயரத்தாற் கற்றது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கொண்டுசென்றோருள் உடல் கிடைக்காதோரும் இருந்தனர். பிறப்புப் பதிவேட்டில் வரவு உண்டு. மரணப் பதிவேட்டிற் செலவு இல்லை. சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, குறித்த காலம் செய்தியற்றிருந்த பின்னரே இறப்பு ஊகிக்கப்படும். அதுவரை எஞ்சியோரின் உரித்துக்கள் முடங்கிக் கிடக்கும். 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டம், காணாமற்போனோரின் இறப்பைப் பதிய வழிவகுத்தது. திறந்திருந்த ஏடு சட்டத்தால் முடிக்கப்பட்டது. அது வேண்டியதே, எனினும் கண்டெழுதிய முடிவன்று.

தரவுத்தளக் கணக்காய்வாளர் மனங்கொள்ள வேண்டியதும் இதுவே. விடுபட்ட வெளியேறலை ஊகித்து நிரப்பி, ஏட்டை நிறைவுடையதாகக் காட்டுதல் அவர் கடனன்று. கண்டு எழுதியது எது, கருதி எழுதியது எது எனப் பிரித்துக் காட்டுதலே அவர் கடனாகும்.