பம்பாய் வணிகரும் 1865 சூலை முதல் நாளும்

1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டமையால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வருவது அருகிற்று. ஆலையுடையார் பம்பாயை நாடினர். பஞ்சின் விலை பன்மடங்காகப் பெருகியது.

குவிந்த பணம் வாளா இருக்குமா? புதிய வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களும் புற்றீசல்போல் தோன்றின. 'பேக் பே' நிறுவனத்தின் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 ரூபாய் வரை ஏறியது. சூரத்தில் பிறந்த சமண வணிகர் பிரேம்சந்த் ராய்சந்தே இச்சந்தையின் நடுநாயகர். பம்பாய் வங்கியோ பங்குகளையே ஈடாகக் கொண்டு கடன் வழங்கிற்று. ஈடும் கடனும் ஒரே நூலில் தொங்கின.

1865 ஏப்ரல் 9 ஆம் நாள் தளபதி லீ சரணடைந்தார். போர் முடிந்தால் பஞ்சு விலை வீழும் என்பது வணிகர் அறியாததன்று. எனினும் பங்குகளைச் சூலை 1 ஆம் நாள் இன்ன விலைக்குப் பெற்றுக்கொள்வதாகப் பலர் முன்னரே ஒப்பந்தம் செய்திருந்தனர். ஏப்ரலிலேயே கிடைத்த விலைக்குக் கைகழுவியிருப்பின் இழப்பு ஓரளவோடு நின்றிருக்கும். ஆனால் விற்றால்தானே இழப்பு ஏட்டில் ஏறும்? விற்காதவரை அது வெறும் வதந்தி என்று மனம் தேற்றிக்கொள்ளும். மேலும், ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கடன்பட்டிருந்த சந்தையில் முதலில் விற்பவன் தன் நாணயத்தைத் தானே ஐயத்துக்கு உள்ளாக்குவான். வங்கியின் நிலையும் வேறன்று. ஈட்டை விற்றால் கடன் தேறாது என்பது வெளிப்பட்டுவிடும். தெரிந்தே காத்திருந்ததுதான் இவ்வரலாற்றின் வியப்பு. அறியாமையை இங்குக் குறை கூற இடமில்லை.

சூலை முதல் நாள் வந்தது. கொடுக்க வேண்டியவரிடம் பணமில்லை. பங்கை வாங்குவாரும் இல்லை. 2,850 ரூபாயைத் தொட்டிருந்த பம்பாய் வங்கியின் பங்கு 87 ரூபாய்க்கு இறங்கிற்று. 1868 இல் அவ்வங்கியே கலைக்கப்பட்டது.

பிரேம்சந்தும் வீழ்ந்தார். ஆயினும் 1864 இலேயே பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நூலகத்தின்பொருட்டு இரண்டு இலட்சமும், மணிக்கூண்டின்பொருட்டு இரண்டு இலட்சமும் அளித்திருந்தார். உரிய காலத்தில் அவர் சந்தையிலிருந்து வெளியே எடுத்த செல்வம் அவ்வாறு கொடுத்தவையே எனலாம். பின்னர்த் தரகுத் தொழிலுக்கே மீண்டு, 1875 இல் பங்குத் தரகர் சங்கம் அமைத்தவர்களுள் ஒருவரானார். அவர்தம் அன்னை இராஜாபாயின் பெயர் தாங்கிய மணிக்கூண்டு 1878 இல் முற்றுப்பெற்றது.