மூன்று கண்ணாடிகளின் பெருமை

உறுப்புகள் மிகுந்த கருவியே உயர்ந்தது என்று எண்ணுவது உலக இயல்பு. காமிரா வில்லையின் வரலாற்றை நோக்கின், அவ்வெண்ணம் எப்போதும் பொருந்தாது என்பதை நாம் உணரலாம்.

1892-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தோன்றிய டாகோர் வில்லை, மும்மூன்றாக ஒட்டப்பட்ட ஆறு கண்ணாடிகளால் ஆயது. மறு ஆண்டே, இங்கிலாந்தின் யார்க் நகரில் தொலைநோக்கி செய்துவந்த குக் நிறுவனத்தில் பணியாற்றிய டென்னிஸ் டெய்லர் என்னும் அறிஞர், மூன்றே கண்ணாடிகளால் ஒரு வில்லையை அமைத்தார். நடுவில் ஒரு குழிவில்லை. முன்னும் பின்னும் ஒவ்வொரு குவிவில்லை. இவற்றை ஒட்டாமல் இடைவெளி விட்டு நிறுத்தியதே அவரது நுண்ணறிவு. ஆறு வளைவுகள், இரண்டு இடைவெளிகள் என எட்டு அளவுகள் அவர் கைவசமிருந்தன. திருத்த வேண்டிய குறைகளோ ஏழு. குவியத் தூரத்தோடு எட்டு. கணக்கு மிச்சமின்றிப் பொருந்திற்று! குக் நிறுவனத்தார் காமிரா வில்லை செய்ய விரும்பாமையால், லெஸ்டர் நகரின் டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்சன் நிறுவனத்தார் அதனைச் செய்து, 'குக்' என்னும் பெயராலேயே விற்றனர்.

எளிமையால் விளைந்த நன்மை யாது? காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடி முகமும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கேனும் திருப்பியனுப்பும். ஆறு முகங்களைக் கடந்தால் ஏறக்குறைய 78 பங்கு எஞ்சும். எட்டு முகங்களெனில் 72 பங்கே. திரும்பிய ஒளியோ உள்ளே அலைந்து, படத்தின் கருமையை வெளிறச் செய்யும். பால் ருடால்ஃப் 1896-ல் ஸைஸ் நிறுவனத்தில் அமைத்த பிளானார் நுட்பம் மிக்கதாயினும், எட்டு முகங்களால் இக்குறைக்கு ஆளாயிற்று. அவரே 1902-ல் ஆறு முகங்களேயுடைய டெஸ்ஸாரை அமைத்தார். அது உலகெங்கும் பரவிற்று.

பழைய வில்லைகளில் படிந்த மாசுப்படலம் ஒளியை மிகுதியாகச் செலுத்துவதையும் டெய்லரே கண்டறிந்தார். 1935-ல் ஸைஸ் நிறுவனத்தின் ஸ்மாகுலா மெல்லிய படலம் பூசும் முறையைக் கண்டபின்னரே, பல கண்ணாடி வில்லைகள் தழைத்தன.

மூன்று கண்ணாடி வில்லைக்கும் குறையுண்டு. துவாரத்தை அகலத் திறந்தால் படத்தின் ஓரங்கள் மங்கும். சற்றே சுருக்கினால் தெளிவு பெறும். ஆகவே, நம் இல்லப் பெட்டிகளில் உறங்கும் பழைய காமிராக்களை எளியவையென்று கழித்துவிடற்க. வேண்டாதவற்றைச் சேர்க்காத அறிவும் அறிவே என்பதற்கு அவை சான்றாகும்.