இயந்திரக் கற்றல் முடிவுகள்: விளக்கமும் சரிபார்ப்பும்

இயந்திரக் கற்றல் மாதிரி ஒரு முடிவுக்கு எவ்வாறு வந்தது என்பதை மனிதர் புரிந்துகொள்ளும்படி காட்டுவது விளக்கம். வகுக்கப்பட்ட நிபந்தனைகளை மாதிரி மீறாது என்று நிறுவுவது சரிபார்ப்பு. ஆழ் நரம்பு வலையமைப்புகளில் இலட்சக்கணக்கான எண்மதிப்புகள் சேர்ந்து முடிவைத் தீர்மானிப்பதால், காரணம் அவற்றை உருவாக்கியவர்களுக்கே எளிதில் புலப்படுவதில்லை.

தேவை: நிமோனியா நோயாளிகளின் இறப்பு அபாயத்தைக் கணிக்க 1990களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அபாயம் குறைவு என்ற விதி தரவிலிருந்து கிடைத்தது. அவர்கள் நேரடியாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டதே உண்மைக் காரணம். எளிய விதிகளால் ஆன மாதிரியில் இப்பிழை வெளிப்பட்டது. அதனினும் துல்லியமான நரம்பு வலையமைப்பு, உள்ளே என்ன கற்றது என்று அறிய முடியாததால் கைவிடப்பட்டது.

முறைகள்: விளக்க முறைகளுள் ஒன்றான லைம் (2016) உள்ளீட்டைச் சிறிது சிறிதாக மாற்றி, விளைவுகளை எளிய மாதிரியால் விளக்குகிறது. மற்றொன்றான ஷாப் (2017), கணிதவியலாளர் லாயிட் ஷாப்லி 1953இல் விளையாட்டுக் கோட்பாட்டில் வகுத்த பங்கீட்டு முறையைக் கொண்டு, முடிவில் ஒவ்வொரு காரணியின் பங்கையும் கணக்கிடுகிறது. சரிபார்ப்பில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் ரெலுப்ளெக்ஸ் (2017) என்ற முறை ஆளில்லா விமானங்களின் மோதல் தவிர்ப்பு வலையமைப்புகளைக் கணித முறையில் சோதித்தது.

வரம்புகள்: முடிவு எடுக்கப்பட்ட பின்னர் தரப்படும் விளக்கங்கள் தோராயமானவை, மாதிரியின் உண்மையான செயல்பாட்டிலிருந்து விலகக்கூடும். ஆகவே, உயிரையும் உரிமையையும் பாதிக்கும் முடிவுகளுக்குத் தொடக்கத்திலேயே விளங்கக்கூடிய மாதிரிகளையே பயன்படுத்த வேண்டும் என்று கணினி அறிவியலாளர் சிந்தியா ரூடின் 2019இல் வலியுறுத்தினார்.