நடுவர் வாய் திறந்த கதை

கால்பந்து நடுவருக்கு விசில் உண்டு, கை உண்டு. வாய் மட்டும் கிடையாது. பெனால்டி உதை விதியில் ஏறியது 1891இல். விசிலை ஊதிப் புள்ளியைக் காட்டினால் அவர் வேலை முடிந்தது. யார் என்ன தவறு செய்தார் என்பதைச் சுற்றி நிற்கும் நாம்தான் ஊகிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பந்தயங்களில் மைக் பிடித்துப் பேசுகிறவரும் நம்மைப் போல ஊகிப்பவர்தான்.

1966 ஜூலை 23, லண்டன் வெம்பிளி. உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினா கேப்டன் ரத்தீனை ஜெர்மன் நடுவர் க்ரைட்லைன் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லி ரத்தீன் பல நிமிடம் நகரவில்லை. அந்தக் குழப்பத்தைப் பார்த்த ஆங்கில நடுவர் கென் ஆஸ்டனுக்குச் சாலை விளக்கு வழிகாட்டியது. 1970 மெக்சிகோவில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்தன. அட்டை தண்டனையைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

நாங்கள் ஆபீசில் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்தால் காரணம் எழுதியாக வேண்டும். எழுதாத ஆணை அப்பீலில் நிற்காது. பிரெஞ்சுப் பள்ளியில் நடுவரை ‘அர்பித்ர்’ என்போம். வழக்கைத் தீர்த்து வைப்பவருக்கும் அதே சொல்தான். தீர்ப்பவர் காரணம் சொல்ல வேண்டாமா?

சொல்லாததன் விலையை 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் பார்த்தோம். ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் ஆட்டம், கூடுதல் நேரம். கேரள வீரர்கள் தடுப்புச் சுவர் அமைக்கும் முன்பே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை உதைத்துக் கோலாக்கினார். விசில் வேண்டாம் என்று நடுவரிடம் முன்பே சொன்னதாக அவர் பிறகு விளக்கினார். அந்தப் பேச்சு கூட்டத்தில் யார் காதில் விழுந்தது? கேரளப் பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியையே வெளியே அழைத்துக்கொண்டார். அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடை. என்னைக் கேட்டால் வெளியேறியது தவறுதான். ஆனால் கோபம் பொய்யில்லை.

அதே ஆண்டு ஜூலை 20, ஆக்லாந்தில் மகளிர் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், நியூசிலாந்துக்கும் நார்வேக்கும். ஜப்பானிய நடுவர் யோஷிமி யமஷிதா வீடியோவைப் பார்த்துத் திரும்பினார். பந்து கையில் பட்டது, பெனால்டி என்று மைக்கில் ஆங்கிலத்தில் அரங்கம் முழுவதற்கும் அறிவித்தார். உலகக் கோப்பையில் அதுவே முதல் முறை. (பெர்சிவல் உதைத்த அந்தப் பந்து மேல்கம்பத்தில் பட்டுப் போனது வேறு கதை.) அமெரிக்கர்கள் தங்கள் ஃபுட்பாலில் நடுவருக்கு 1975லேயே மைக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் கால்பந்தில் இந்த அறிவிப்பு வீடியோ பார்த்து எடுத்த முடிவுக்கு மட்டும்தான். கண்டீரவாவில் அன்று அந்த வீடியோ வசதியே இல்லை.