சட்டத்துக்கு மூத்த காவல்

சாத்தான்குளம், நாங்குநேரி வட்டாரங்கள் மழையை நம்பிய குளங்களின் பூமி. இங்கே விடியற்காலையில் பறவை பார்க்கக் கூந்தன்குளம் போகிறவர்கள், 1994இல் அரசு அறிவித்த சரணாலயத்துக்குப் போவதாகத்தான் எண்ணுவார்கள். கூழைக்கடாக்கள் அந்த அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை. அவை இங்கே கூடு கட்டுவதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரீனியஸ் என்பவர் கண்டு, 1907இல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்க இதழில் எழுதினார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் பறவையியலாளர் பார்வையில் இந்தக் குளம் படவில்லை. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே 1972இல்தான் வந்தது. ஆய்வாளரும் காவலரும் எட்டிப் பார்க்காத காலத்தில் கூடுகள் தப்பின என்றால், காத்தது ஊராகத்தான் இருக்க முடியும்.

இதை வெறும் சீவகாருண்யம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. ஆனால் கணக்கும் இதில் இருந்தது. கோடையில் குளம் வற்றியதும், பறவை எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு அள்ளினார்கள். நாரை வருவதே விளைச்சலுக்கு நல்ல சகுனம் என்றார்கள். வேடந்தாங்கல் உழவர்களும் இதே காரணத்தால்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் தங்கள் பறவைகளைக் காக்கும் உரிமை பெற்றார்கள். அப்படியானால் இது சுயநலம்தானே என்று கேட்கலாம். மூட்டை உரம் வந்ததும் வண்டலின் மதிப்பு குறைந்தது. சுயநலம் மட்டும்தான் காரணம் என்றால் காவலும் அப்போதே தளர்ந்திருக்க வேண்டும். கூந்தன்குளத்தில் அப்படி நடக்கவில்லை. வீட்டுப் புழக்கடை மரங்களிலும் சங்குவளை நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்ச நாற்றத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு, தீபாவளிக்கும் வெடி போடாமல் இருக்கிறார்கள். ஆதாயத்தில் பிறந்த பழக்கம், ஆதாயம் தேய்ந்த பிறகும் ஊர்க் கட்டுப்பாடாக நிலைத்துவிட்டது.

ஊரே காத்துக்கொள்ளும் என்றால் அரசு எதற்கு என்பது அடுத்த கேள்வி. வேட்டைக்காரனை ஊர் தடுக்கலாம். மழை பொய்த்த ஆண்டில் குளத்துக்கு நீர் தரும் மணிமுத்தாறு அணையின் மதகை ஊரால் திறக்க முடியாது. குளத்தில் நீர் இல்லாத ஆண்டில் எவ்வளவு அன்பு இருந்தும் கூடு வராது. ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றுவிட்ட இந்தச் சரணாலயத்துக்கு அரசு செய்ய வேண்டிய முதல் வேலை, உரிய காலத்தில் தண்ணீர் விடுவதுதான். கூட்டைக் காக்கும் வேலையை ஊர் ஏற்கெனவே செய்துவருகிறது. அதற்குத் தேவை மேலதிகாரியல்ல, அங்கீகாரம்.