கடிதம் எழுதும் நாள்: மார்மன் ஊழியர்களின் வாரம் உருவான வரலாறு

மார்மன்கள் என்று பரவலாக அறியப்படுவோரின் திருச்சபை, அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித்தால் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அவருடைய தம்பி சாமுவேல், சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தின் பிரதிகளைத் தோள்பையில் சுமந்துகொண்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நடந்தார். 1837இல் சபையின் நற்செய்தி ஊழியர்கள் கடல் கடந்து இங்கிலாந்தின் லிவர்பூலில் இறங்கினர். பிரஸ்டன் நகருக்குச் சென்ற எட்டாம் நாள் ரிபிள் ஆற்றில் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தனர்.

அந்தக் காலத்து ஊழியருக்குக் கால அட்டவணை கிடையாது. பணப்பை இல்லாமல் புறப்படும்படி இயேசு சீடர்களுக்கு இட்ட கட்டளையை அவர்கள் எழுத்துக்கு எழுத்து பின்பற்றினர்; உணவும் படுக்கையும் கேட்போரின் தயவில்தான் கிடைத்தன. இருவர் இருவராகச் செல்லும் முறையும் நற்செய்தி நூல்களிலிருந்து வந்தது. போனவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் அல்லர், மனைவி மக்களை விட்டுப் பிரிந்த குடும்பஸ்தர்கள். 1839 செப்டம்பரில் சபைத் தலைவர்களில் இருவரான பிரிகாம் யங்கும் ஹீபர் கிம்பலும் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது இருவருக்கும் காய்ச்சல். வீட்டில் மனைவியரும் படுத்த படுக்கை, யங்கின் மனைவி பிள்ளை பெற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. இந்த வழக்கத்தின் சுமையில் பாதியைப் பெண்கள் வீட்டிலிருந்தே தாங்கினார்கள் என்பதை வரலாறு எழுதுவோர் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

1852 ஆகஸ்டில், சபை அதற்குள் குடிபெயர்ந்திருந்த சால்ட் லேக் சிட்டியில் நடந்த சிறப்பு மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உலகின் பல திசைகளுக்கு நியமிக்கப்பட்டனர். இந்தியாவுக்கும் சயாமுக்கும் என ஒதுக்கப்பட்ட பதின்மூன்று பேர் 1853 ஏப்ரலில் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் உள்ளிட்ட சிலர் சென்னைக்கும், வேறு இருவர் இலங்கைக்கும் சென்றனர். பாலன்டைன் 1849இல் சால்ட் லேக் சிட்டியில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். சென்னையில் ஒரு பத்திரிகையும் நடத்தினார். ஆனால் அவர்களை அனுப்பிய அதே மாநாட்டில்தான் பலதார மணக் கொள்கை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தச் செய்தி போன இடமெல்லாம் அவர்களைத் துரத்தியது. 1856க்குள் அந்தக் குழுவின் இந்தியப் பணி ஓய்ந்துவிட்டது. வீட்டுக்கு எழுதிய கடிதம் போய்ச் சேரவே மாதங்கள் ஆன காலம் அது.

1898இல் ஐனெஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்ற மணமாகாத இரு பெண்கள் இங்கிலாந்துக்கு முறைப்படி அனுப்பப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டில் குடும்பஸ்தர்கள் மெல்ல விலக, ஊழியம் இளைஞர்களின் கடமையாக மாறியது. ஆட்கள் இளையவராக ஆக, பயிற்சியும் ஒழுங்கும் கூடின. 1925இல் சால்ட் லேக் சிட்டியில் ஊழியருக்கென ஓர் இல்லம் திறக்கப்பட்டது. மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போக வேண்டியவர்கள் விசா தாமதத்தால் காத்துக் கிடக்க, அந்த நாட்களை வீணாக்காமல் 1961இல் புரோவோ நகரில் ஸ்பானிஷ் வகுப்பு தொடங்கியது. இன்றைய பெரிய பயிற்சி மையத்துக்கு அதுவே விதை. எல்லா நாடுகளிலும் ஒரே பாடங்களைக் கற்பிக்கும் முறையும் அதே ஆண்டில்தான் வந்தது.

ஊழியர் எழுவது காலை 6:30, விளக்கணைப்பது இரவு 10:30 என்ற நாளொழுங்கு இப்படித்தான் நிலைபெற்றது. காலையில் வேத வாசிப்பும் மொழிப் படிப்பும். பிறகு வீடு வீடாகச் செல்வது, கேட்க விரும்புவோருக்குப் பாடம் நடத்துவது. துணை ஊழியரைவிட்டுத் தனியே எங்கும் போகக்கூடாது. காதலுக்கும் தொலைக்காட்சிக்கும் இடமில்லை. வாரத்துக்கொரு முறை அக்கம்பக்க ஊழியர்கள் கூடிப் பேசுவார்கள். துணை யார், ஊர் எது என்பதை மிஷன் எனப்படும் ஊழியப் பகுதியின் தலைவர் தீர்மானிப்பார். பல மிஷன்களில் ஆறு வாரத்துக்கொரு முறை இடமாற்றம் வரும். ஊழியக் காலம் ஆண்களுக்கு 24 மாதங்கள், பெண்களுக்கு 18 மாதங்கள். செலவு சொந்தக் குடும்பத்தினுடையது. நாட்டுக்கு நாடு செலவு வேறுபட்டதால் சில குடும்பங்கள் திணறின; 1991 முதல் ஊர் எதுவானாலும் ஒரே மாதத் தொகை என்றானது.

இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவே வாரத்தில் இளைப்பாற விடப்படும் ஒரு நாளுக்கு ‘ஆயத்த நாள்’ என்று பெயர். துணி துவைப்பது, முடிவெட்டிக்கொள்வது, கடைக்குப் போவது, ஊர் சுற்றிப் பார்ப்பது எல்லாம் அன்றுதான். மாலையில் மீண்டும் ஊழியம். வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் அன்றுதான். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு வாரத்தின் மையமாக இருந்தது இதுவே. கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே தொலைபேசி அனுமதி என்ற விதி நெடுங்காலம் நீடித்தது. இந்நூற்றாண்டில் தாளின் இடத்தை மின்னஞ்சல் பிடித்தது.

2012 அக்டோபரில் குறைந்தபட்ச வயது ஆண்களுக்கு 18ஆகவும் பெண்களுக்கு 19ஆகவும் குறைக்கப்பட்டது. 58,000 அளவில் இருந்த ஊழியர் தொகை இரண்டே ஆண்டில் 80,000ஐத் தாண்டியது. பெண்களின் பங்கு கணிசமாக உயர்ந்தது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கண்டம் தாண்டுவோர் பெருகினர். 2019 பிப்ரவரியில், ஆயத்த நாள்தோறும் பெற்றோருடன் தொலைபேசியிலோ காணொளியிலோ பேச அனுமதி கிடைத்தது.