நந்தனாரும் ஜூலியட்டும்: மேடையில் வளர்ந்த இரு பெண்கள்

1935இல் லண்டனில் ஜான் கில்குட் இயக்கிய 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தில் பெக்கி ஆஷ்கிராஃப்ட் ஜூலியட்டாக நடித்தார். கில்குட்டும் லாரன்ஸ் ஒலிவியரும் மாறி மாறி அவருக்கு ரோமியோ ஆனார்கள். அதே ஆண்டில் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடம் பூண்டு நந்தனாராகவே நடித்தார். அதற்காக அவர் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் நாடெங்கும் பேச்சாக இருந்தது. ஆஷ்கிராஃப்ட் 1907 டிசம்பரில் குரோய்டனில் பிறந்தார். சுந்தராம்பாள் 1908 அக்டோபரில் கொடுமுடியில் பிறந்தார். ஏறக்குறைய ஒரே வயது.

மலேசியாவின் கெடா ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு சுந்தராம்பாளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருவிழா நாட்களில் கோயில் ஒலிபெருக்கி வழியாக லயத்துக்குள் வந்த குரல் அது. முகத்தைப் பார்க்கும் முன்பே குரலை அறிந்தவர்கள் நாங்கள். ஆஷ்கிராஃப்ட் எங்கள் துரைமாரின் நாட்டுக்காரர். பீடோங்கிலும் கூலிமிலும் அவர் பெயர் தெரிந்த தமிழர் அரிது. இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நம் மேடை தன் பெண்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கத் தவறியது என்பது துலங்கும்.

ஆஷ்கிராஃப்ட் முறையாக நாடகப் பள்ளியில் படித்து, 1926இல் பர்மிங்காமில் மேடையேறினார். சுந்தராம்பாளை மேடைக்குத் தள்ளியது வறுமை. ரயிலில் பாடிய சிறுமி நாடகக் கம்பெனிக்குள் போனாள். கம்பெனிதான் பள்ளிக்கூடம். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் எட்ட வேண்டும் என்ற கட்டாயமே அந்தத் தொண்டையை உருவாக்கியது.

இருவருமே தங்கள் சமூகம் போட்ட ஒரு கோட்டை மேடையில் கடந்தவர்கள். 1930இல் லண்டனில் பால் ராப்சன் ஒதெல்லோவாக நடித்தபோது டெஸ்டிமோனா ஆஷ்கிராஃப்ட். கறுப்பின நடிகரோடு வெள்ளைக்காரப் பெண் காதல் காட்சியில் நடித்ததைப் பொறுக்காதவர்கள் அவருக்கு வெறுப்புக் கடிதங்கள் எழுதினார்கள். இனவெறியை நேரில் காட்டிய அனுபவமாக அது அவர் மனத்தில் தங்கிவிட்டது. 'நந்தனா'ரில் வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். அவர் முன்னால் கைகட்டி நின்று, சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் பண்ணையாள் வேடம் சுந்தராம்பாளுக்கு. ஆண், பெண் என்ற கோட்டையும் சாதிக் கோட்டையும் அவர் அங்கே கடந்தார்.

அந்தக் கதையைத் தோட்டத்து ஆட்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பெரட்டுக்கு வராவிட்டால் பேர் விழாது, பேர் விழாவிட்டால் கூலி இல்லை. ஒரு நாள் லீவு வேண்டுமென்றால் கங்காணியிடமும் கிராணியிடமும் கெஞ்ச வேண்டும். சாமி பார்க்கப் போக ஆண்டையின் அனுமதிக்குக் காத்திருந்த மனிதனின் பாட்டு இவர்களுக்குப் புராணமாக மட்டும் கேட்டிருக்காது. 1946, 47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை எழுந்து கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றபோது, அதே மக்கள் கைகட்டுவதை விட்டுவிட்டார்கள்.

இருவரின் பாதையும் பிரிகிற இடம் 1933. அந்த டிசம்பரில் கணவரும் மேடை ஜோடியுமான எஸ்.ஜி.கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார், நகைகளைக் கழற்றினார், எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கடைசி வரை மாறவில்லை. ஆஷ்கிராஃப்ட் மூன்று முறை மணந்தார், மூன்றும் மணமுறிவில் முடிந்தன. அதற்காக அவருடைய ஜூலியட்டை யாரும் பறித்துக்கொள்ளவில்லை. சுந்தராம்பாளின் விரதத்தைப் புனிதமாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கைம்பெண்ணுக்கு அன்றைய சமூகம் திறந்து வைத்திருந்த ஒரே கௌரவமான வழி அது. அந்தக் குறுகிய வழியிலேயே நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தி அடிகள் என்று அவர் நடந்து போனதுதான் சாதனை. ஆனால் இன்னும் எத்தனையோ வேடங்கள் அவருக்குள் இருந்திருக்கும். அவற்றை நாம் இழந்தோம்.

திரையில் இருவரும் வெவ்வேறு ஆயுதம் எடுத்தார்கள். ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தில் ஆஷ்கிராஃப்ட் வருவது சில நிமிடங்கள்தான். ஸ்காட்லாந்தின் ஆளரவமற்ற மேட்டு நிலத்தில், கடுகடுத்த கிழக் கணவனோடு வாழும் இளம் மனைவி. போலீசுக்குத் தப்பி வந்த நாயகனிடம், பட்டணத்துப் பெண்கள் கால் நகத்துக்குச் சாயம் பூசுவார்களாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்பாள். பிறகு கணவனின் கோட்டை எடுத்துக் கொடுத்து நாயகனைத் தப்பவிடுவாள். குரல் உயரவே உயராது, கண்தான் பேசும். பினாங்குக்குப் போய் வந்தவர்களைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்ட தோட்டத்துப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண் பழக்கமானது.

'திருவிளையாட'லில் பழத்துக்காகக் கோபித்து மலையேறிய முருகன் முன் ஔவையாராக வரும் சுந்தராம்பாளைப் பாருங்கள். உடம்பு அதிகம் அசையாது, குரல்தான் நடிக்கும். மேலே மேலே ஏறினாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாட்களில், திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கும் அவர் குறைவில்லாமல் கிடைத்தார்.

முதுமையில்தான் வேறுபாடு உறைக்கிறது. ஆஷ்கிராஃப்ட் 1963இல், 55 வயதில், ஸ்ட்ராட்ஃபோர்டில் ராயல் ஷேக்ஸ்பியர் குழுவின் 'வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்' நாடகங்களில் மார்கரெட் அரசியாக நடித்தார். இளம்பெண்ணாக மேடைக்கு வந்து, வன்மம் பிடித்த கிழவியாக முடியும் பாத்திரம். 1984இல் 'எ பேசேஜ் டு இந்தியா' படத்தில், இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களின் ஆணவத்தைச் சகிக்காத மூதாட்டி மிஸஸ் மூர் ஆனார்; அதற்கு ஆஸ்கர் வாங்கியபோது வயது 77. துரைமார் கிளப்பின் வேலிக்கு வெளியே நின்ற சமூகத்தில் பிறந்தவன் என்பதால், அந்த வேடம் என்னை ஆழமாகத் தொட்டது. சுந்தராம்பாள் ஜெமினியின் 'ஔவையா'ரில் கிழவியானபோது வயது 44. சட்ட மேலவையில் இடம், 1970இல் பத்மஸ்ரீ, 'துணைவன்' படப் பாடலுக்குத் தேசிய விருது என்று மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் திரும்பிப் போக அவருக்கு ஒரு மேடை இல்லை. அவரை வளர்த்த கம்பெனி நாடகத்தைச் சினிமா விழுங்கியிருந்தது. ஆஷ்கிராஃப்டுக்கோ, படம் வந்தாலும் வராவிட்டாலும், ஷேக்ஸ்பியர் குழுவின் கதவு திறந்தே இருந்தது.

ஆஷ்கிராஃப்டின் மார்கரெட்டை பிபிசி 1965இல் ஒளிபரப்பியது. கிட்டப்பாவோ பேசும் படம் எதிலும் நடிக்காமலே போய்விட்டார். சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து நின்ற மேடைக்கு இசைத்தட்டுகள்தான் சாட்சி. கெடா தோட்டங்களில் திருவிழாவுக்குத் திருவிழா பலகை அடுக்கி நடந்த நாடகங்களுக்கு அதுவும் இல்லை. அங்கே பெண் வேடம் கட்டியவர்களும் பெரும்பாலும் ஆண்களே. இரவெல்லாம் நடித்துவிட்டு விடியலில் மரம் வெட்டப் போனவர்கள் அவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு செம்பனை வந்ததும் சுங்கை பட்டாணி, பாடாங் செராய் தாமான்களுக்குச் சிதறிப்போனார்கள். அவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் போய், கட்டிய வேடத்தையும் பாடிய பாட்டையும் கேட்டுப் பதிவு செய்ய நம் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் இந்த ஆண்டே தொடங்கலாம்.